காரும் பைக்கும்: எதில் எவ்வளவு ஆபத்து? ஒரு வரலாற்றுப் பார்வை

காரில் போவதைவிட பைக்கில் போவது ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏன் என்று கேட்டால், "நாலு சக்கரம் இருக்கு, கீழே விழாது" என்று ஒரே வரியில் பதில் வரும். அது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை.

வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், மோட்டார் வண்டிகள் வந்த புதிதில் காரில் போனவருக்கும் பாதுகாப்பு என்று எதுவும் இருக்கவில்லை. பிறகு கார் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. விபத்து நடந்தால் அடியை வண்டி வாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளே இருக்கும் ஆளுக்குப் போகக்கூடாது என்ற யோசனை வந்தது. பைக்கில் அந்த யோசனையைச் செயல்படுத்த இடமே இல்லை. மாற்றம் செய்யக்கூடிய ஒரே முக்கியமான இடம் ஓட்டுபவரின் தலை. அந்தத் தலையில் ஒரு கவசத்தை மாட்ட வைக்க உலகம் பட்ட பாடுதான் பைக் பாதுகாப்பின் வரலாறு.

முதல் பலி

1869 ஆகஸ்ட் 31. அயர்லாந்தில் பார்சன்ஸ்டவுன் என்ற ஊர் (இன்று அதன் பெயர் பிர்). மேரி வார்டு என்ற பெண்மணி, தன் உறவினர்கள் வீட்டிலேயே செய்த ஒரு நீராவி வண்டியில் போய்க்கொண்டிருந்தார். நுண்ணோக்கி பற்றிப் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர் அவர். ஒரு திருப்பத்தில் வண்டி குலுங்கியபோது தூக்கி எறியப்பட்டார். அதே வண்டியின் சக்கரம் அவர் மேல் ஏறியது. மோட்டார் வாகன விபத்தில் இறந்த முதல் நபர் என்று பெரும்பாலும் குறிப்பிடப்படுபவர் இவர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் வண்டியிலிருந்து வெளியே விழுந்ததால்தான் இறந்தார் என்பது. இன்று பைக் விபத்துகளில் நடப்பதும் இதுதான்.

1885-ல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் சேர்ந்து பெட்ரோல் எஞ்சின் பொருத்திய முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். மரச்சட்டம் போட்ட வண்டி. சாய்ந்து விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம் வைத்திருந்தார்கள். 1886 ஜனவரியில் கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முதல் காருக்கோ மூன்றே சக்கரம்! ஆக, உலகின் முதல் பைக்குக்கு நான்கு சக்கரம், முதல் காருக்கு மூன்று சக்கரம். சக்கரத்தை எண்ணி மட்டும் ஆபத்தைக் கணக்கிட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துக் காரில் பெல்ட் கிடையாது. பெரும்பாலானவற்றில் கூரை கிடையாது. பிறகு முன்பக்கக் கண்ணாடி வந்தது, அதுவும் சாதாரணக் கண்ணாடி. உடைந்தால் கத்தி மாதிரி குத்தும். மோதினால் ஸ்டியரிங் கம்பி நெஞ்சில் இறங்கும். கார்காரர் கொஞ்சம் உயரமான சோபாவில் உட்கார்ந்து ஆபத்தை நோக்கிப் போனார், அவ்வளவுதான்.

லாரன்ஸின் மரணமும் ஒரு டாக்டரின் ஆராய்ச்சியும்

பைக் பாதுகாப்பின் கதை ஒரு பிரபலமானவரின் மரணத்தில் தொடங்குகிறது. "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" என்று அழைக்கப்பட்ட டி.ஈ.லாரன்ஸ், முதல் உலகப்போரில் அரபு நாடுகளில் பணியாற்றிப் புகழ்பெற்றவர். பைக் பிரியர். அந்தக் காலத்தின் மிக விலை உயர்ந்த பிரஃப் சுப்பீரியர் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி ஓட்டியவர்.

1935 மே 13 அன்று, இங்கிலாந்தில் டார்செட் பகுதியில் தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு பள்ளம். அதைத் தாண்டியதும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு பையன்கள். அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார், தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து மே 19 அன்று இறந்தார். வயது 46. தலையில் ஹெல்மெட் இல்லை. அன்று சாலையில் யாரும் அதைப் போடுவதும் இல்லை.

ஹெல்மெட் என்ற பொருளே அப்போது இல்லாமல் இல்லை. எரிக் கார்ட்னர் என்ற டாக்டர், பந்தய வீரர்களின் தலைக்காயங்களைப் பார்த்துப் பார்த்து, கேன்வாஸ் துணியில் அரக்குப் பூசிக் கெட்டியாக்கிய ஒரு கவசத்தை வடிவமைத்தார். 1914-ல் ஐல் ஆஃப் மேன் பைக் பந்தயத்தில் அது கட்டாயமானது. ஆனால் அது பந்தயக்காரர்களின் சாமானாகவே நின்றுவிட்டது. கடைக்கும் ஆபீஸுக்கும் போகிறவனுக்கு எதற்கு என்ற எண்ணம்.

லாரன்ஸைக் காப்பாற்ற அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த நரம்பியல் அறுவை நிபுணர். இந்த மரணம் அவரை விடாமல் உறுத்தியது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது அவர் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆலோசகர். ராணுவத்தில் கடிதங்களையும் கட்டளைகளையும் சுமந்துகொண்டு பைக்கில் பறக்கும் வீரர்கள் ஏராளம். குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் விளக்குகள் அணைக்கப்பட்டிருக்கும். இருட்டில் ஓட்டுவார்கள். எதிரியின் குண்டு படாமலே பலர் செத்தார்கள்.

1941-ல் கெய்ர்ன்ஸ் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் பைக்கில் சென்ற 2,279 பேர் இறந்திருந்தார்கள். போருக்கு முந்தைய 21 மாதங்களைவிட இது 21 சதவீதம் அதிகம். இத்தனைக்கும் பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம் அது! அவர் பார்த்த தலைக்காயக்காரர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் ஏழே ஏழு பேர். அந்த ஏழு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

ஏழு என்பது சின்ன எண்தான். ஆனால் ராணுவம் அதைக் கேட்டுக்கொண்டது. 1941 நவம்பரில் பைக் ஓட்டும் வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பிறகு ராணுவத்தில் பைக் மரணங்கள் குறைந்ததை 1946-ல் கெய்ர்ன்ஸ் எழுதிக் காட்டினார். பொதுமக்களுக்கு? 1952-ல் அவர் இறந்தார். பிரிட்டனில் எல்லோருக்கும் ஹெல்மெட் சட்டம் வந்தது 1973-ல். ஆதாரம் கையில் வந்த பிறகு சட்டம் வர 32 வருடம் ஆனது.

கார் அடி வாங்கக் கற்றுக்கொண்ட கதை

இந்த இடைப்பட்ட காலத்தில் கார் என்ன ஆனது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அதாவது மூன்றாவது மாடியிலிருந்து குதிப்பது. நின்றுபோகும் தூரம் எவ்வளவு நீளமோ, உடம்புக்கு அடி அவ்வளவு குறைவு. சிமெண்ட் தரையில் விழுவதற்கும் வைக்கோல் போரில் விழுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்த எளிய விஷயத்தை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஹியூ டீஹேவன். முதல் உலகப்போரின்போது விமானப் பயிற்சியில் விபத்துக்குள்ளாகிப் பிழைத்தவர். உயரமான கட்டிடங்களிலிருந்து விழுந்தும் உயிர் தப்பியவர்களை ஆராய்ந்து 1942-ல் கட்டுரை வெளியிட்டார். மனித உடம்பு நினைப்பதைவிட அதிகமாகத் தாங்கும், அடி பரவலாகவும் மெதுவாகவும் விழ வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

மெர்சிடிஸ் நிறுவனத்தில் பெலா பாரென்யி என்ற பொறியாளர் இதைக் காரில் செய்தார். முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுவில் ஆள் உட்காரும் பெட்டி நசுங்கக்கூடாது. கெட்டியான கார்தான் நல்ல கார் என்று நினைத்திருந்த காலத்தில் இது தலைகீழான யோசனை. 1952-ல் காப்புரிமை கிடைத்தது, 1959-ல் சந்தைக்கு வந்த மெர்சிடிஸ் காரில் இந்த அமைப்பு இருந்தது.

அதே 1959-ல் ஸ்வீடனின் வோல்வோ கம்பெனி, தோளிலும் இடுப்பிலும் மூன்று இடத்தில் பிடிக்கும் சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தது. கண்டுபிடித்தவர் நில்ஸ் போலின். போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தவர், இப்போது ஆளை உள்ளேயே பிடித்துவைக்கும் வேலையைச் செய்தார்! வோல்வோ அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1965-ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம் அமெரிக்கக் கார் கம்பெனிகளை உலுக்கியது. 1966-ல் அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1970-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கியது. பிறகு ஏர்பேக், ஏபிஎஸ், மோதல் சோதனை, நட்சத்திரக் குறியீடு... ஒவ்வொன்றும் வண்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. கார் வாங்குகிறவர் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். பெல்ட் போடுவது ஒன்றுதான் அவர் செய்ய வேண்டிய வேலை.

பைக்கில் என்ன செய்ய முடியும்?

பைக்கில் நசுங்குவதற்கு முன்பக்கம் கிடையாது. பெல்ட் போட்டால் வண்டியோடு சேர்ந்து உருள வேண்டியதுதான். ஏபிஎஸ் பிரேக், காரில் வந்து பத்து வருடம் கழித்து, 1988-ல் பிஎம்டபிள்யூ பைக்கில் வந்தது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு அது கட்டாயமானது 2018-19-ல். இது விபத்தைத் தவிர்க்க உதவும். விபத்து நடந்துவிட்டால் ஆளைக் காப்பாற்றாது.

பைக் விபத்துகளை மிக விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரி ஹர்ட். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சுமார் 900 விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து, 3,600 போலீஸ் அறிக்கைகளையும் படித்து, 1981-ல் அறிக்கை கொடுத்தார். அதில் சில முடிவுகள் பலர் நினைத்ததற்கு நேர்மாறானவை.

- நான்கில் மூன்று விபத்துகளில் பைக் வேறொரு வாகனத்தோடு மோதியிருந்தது. பெரும்பாலும் கார்.
- அப்படிப்பட்ட மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கில், பைக்குக்கு வழிவிட வேண்டிய மற்ற வாகனக்காரர் வழிவிடவில்லை. முக்கியக் காரணம், பைக் வருவதையே அவர் கவனிக்கவில்லை.
- விபத்துக்கு முன் பைக்கின் இடைநிலை வேகம் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர்தான். அசுர வேகம் ஒன்றும் இல்லை.
- சுதாரிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு.
- மோதியவர்களில் 96 சதவீதத்துக்கும் மேல் ஏதாவது ஒரு காயம் அடைந்தார்கள்.

கடைசி வரிதான் முக்கியம். காரில் சின்ன மோதல் என்றால் பம்பரில் கீறல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம், அத்தோடு முடியும். பைக்கில் சின்ன மோதல் என்றாலே காயம். "பைக்காரன் வேகமாப் போய் விழுந்தான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஹர்ட்டின் கணக்கில் பெரும்பாலானவர்கள் அப்படி விழவில்லை.

சட்டம் போட்டதும் எடுத்ததும்

ஆக, மிச்சம் இருப்பது ஹெல்மெட். உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது. காரின் முன் இருக்கையில் சீட் பெல்ட் தரும் பலனும் ஏறத்தாழ இதே அளவுதான்: அமெரிக்க அரசுக் கணக்குப்படி மரண அபாயம் 45 சதவீதம் குறைகிறது.

இரண்டுக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் வரவேற்பு ஒன்றாக இல்லை. அமெரிக்காவில் 1966-க்குப் பிறகு மத்திய அரசின் நெருக்கடியால் மாநிலங்கள் வரிசையாக ஹெல்மெட் சட்டம் போட்டன. 1975-ல் மூன்றே மாநிலங்கள்தான் பாக்கி. உடனே "எங்கள் தலை, எங்கள் இஷ்டம்" என்று போராட்டம். 1976-ல் நாடாளுமன்றம் அந்த நெருக்கடியை விலக்கிக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தை எடுத்துவிட்டன அல்லது தளர்த்திவிட்டன. இன்றும் 20-க்கும் குறைவான மாநிலங்களில்தான் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

இதற்கு நேர் எதிர் வியட்நாம். நம்மைப் போலவே, ஏன் நம்மைவிட அதிகமாக, இரு சக்கர வாகனத்தை நம்பி வாழும் நாடு. 2007 டிசம்பர் 15 அன்று எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவித்து, முதல் நாளிலிருந்தே விடாமல் அபராதம் போட்டார்கள். ஹெல்மெட் அணிபவர்கள் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். வெயில், வியர்வை, தலைமுடி என்று நம் ஊரில் சொல்லும் அத்தனை காரணமும் அங்கேயும் உண்டு.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவில் 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. 1989 ஜூலை முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இருந்தாலும் தமிழ்நாட்டில் 2007-ல் ஒருமுறை, பிறகு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் இன்னொரு முறை என்று "ஹெல்மெட் கட்டாயம்" திரும்பத் திரும்ப அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே இருக்கும் சட்டத்தையே மறுபடி மறுபடி அறிவிக்க வேண்டியிருக்கிறது!

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள் 74,897 பேர். கார், வேன் போன்றவற்றில் சென்றவர்கள் 21,040 பேர். நடந்து சென்றவர்கள் 32,825 பேர்.

இதை வைத்து எதில் ஆபத்து அதிகம் என்று சொல்ல முடியுமா? அவசரப்படக் கூடாது. பதிவான வாகனங்களில் நான்கில் மூன்று பங்கு இரு சக்கர வாகனங்கள். வண்டிக்கு இத்தனை சாவு என்று வகுத்தால், காரைவிட பைக் பாதுகாப்பானது என்றுகூட விடை வரும்! தவறு வகுக்கும் எண்ணில் இருக்கிறது. ஒரு காரில் நாலைந்து பேர் போகலாம். டாக்ஸிகளும் வேன்களும் வருடத்தில் ஓடும் தூரம் மிக அதிகம். பைக்குகளிலோ, ஓடாமல் மூலையில் கிடக்கும் பழைய வண்டிகளும் பதிவேட்டில் இருக்கும். ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால்தான் சரியான விடை. அந்தக் கணக்கு ஒழுங்காக எடுக்கப்படும் அமெரிக்காவில், மொத்த ஓட்டத்தில் பைக்கின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. சாலை மரணங்களில் அதன் பங்கு சுமார் 15 சதவீதம். மைலுக்கு மைல் பார்த்தால், காரில் போகிறவரைவிட பைக்கில் போகிறவர் இறக்கும் வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல்.

2022 கணக்கில் இன்னொரு எண் உண்டு. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அதே ஆண்டில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். இதிலும் சரிபாதி ஓட்டுநர் அல்லாதவர்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு அருகே இறந்தபோது, பின் இருக்கையில் பெல்ட் போடாமல்தான் இருந்தார். பல லட்சம் செலவில் கட்டிய பாதுகாப்புக் கூண்டும், உள்ளே ஆளைக் கட்டிவைக்காவிட்டால் வெறும் கூண்டுதான். அந்த நிலையில் காரில் இருப்பவரும் மேரி வார்டும் ஒன்றே.

ஒரு லட்ச ரூபாய் கார்

பைக்கிலிருந்து காருக்கு மாறினால் போதும் என்று நினைத்த ஒரு முயற்சியும் நம் நாட்டில் நடந்தது. மழையில் ஒரு குடும்பமே ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போவதைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு நானோ யோசனை வந்தது என்பது அவரே சொன்ன விஷயம். 2008 ஜனவரியில் ஒரு லட்ச ரூபாய் கார் என்று அறிமுகமானது. நோக்கம் நல்லதுதான். ஆனால் 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் நானோவுக்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். அன்று சோதித்த ஆல்டோ 800 உள்ளிட்ட மற்ற சிறிய கார்களுக்கும் அதே பூஜ்யம்தான். பிற்பாடு விதிகள் இறுகின. 2019-ல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் வந்தது. இந்த மாற்றங்கள் முடிவதற்குள், 2018-லேயே நானோ உற்பத்தி நின்றுவிட்டது.

இதிலிருந்து தெரிவது, நாலு சக்கரமும் கூரையும் மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. பாதுகாப்பு என்பது ஒரு செலவு. காரில் அந்தச் செலவை, சட்டம் கட்டாயப்படுத்தியதால், கம்பெனி செய்து விலையில் சேர்க்கிறது. பைக்கில் அதே செலவை ஓட்டுபவரே தனியாகக் கடைக்குப் போய்ச் செய்ய வேண்டியிருக்கிறது. யாரிடம் பணம் குறைவோ, அவரிடம்தான் அந்தப் பொறுப்பு முழுவதும் விடப்பட்டிருக்கிறது.

முடிவாக

பைக்கை விட்டுவிட்டு எல்லோரும் கார் வாங்குங்கள் என்று சொல்வது சுலபம். வேலைக்கும் கல்லூரிக்கும் பைக்கில் போகும் கோடிக்கணக்கானவர்களுக்கு அது ஒரு தேர்வே இல்லை. எல்லோரும் கார் வாங்கினாலும், நடந்து போகிற அந்த 32,825 பேருக்கு அதனால் என்ன லாபம்?

பைக்கை காராக மாற்ற முடியாது. ஆனால் இடைவெளியைக் குறைக்க முடியும். வளைவில் பைக் வருகிறதா என்று ஒரு விநாடி கூடுதலாகப் பார்ப்பது கார் ஓட்டுபவர் கையில் இருக்கிறது. அறிவித்த சட்டத்தை ஆறு மாதத்தில் மறக்காமல் இருப்பது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஆளுக்கொரு ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட் மாட்டி, வாரை இழுத்துக் கட்டுவது அவரவர் கையில் இருக்கிறது. பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு, போலீஸைக் கண்டதும் மாட்டினால் அபராதம் மட்டும்தான் தப்பும்.

1941-ல் ஏழு பேரைப் பார்த்து ஒரு டாக்டர் கண்டுகொண்ட உண்மைக்கு, இன்று ஐம்பதாயிரம் பேரின் கணக்கு சாட்சியாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?